அண்ணன் தூங்குறான்

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் கடுகு என்றுதான் சொல்வார்கள். ஆள் ஐந்தடிக்கும் குறைவு. வெடிக்க ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு எட்டு பின்னால் போய்விடுவார்கள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சொல்லி இந்தப் பெயரைத் தாங்கள்தான் வைத்ததாக நர்ஸுகள் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். உண்மையில் வைத்தது அவளுடைய சொந்த அண்ணன், அவள் பாவாடை கட்டிக்கொண்டு ஓடிய காலத்தில்.

கடுகு மூளை நரம்பு மருத்துவர். அதிலும் வலிப்பு நோய்க்கென்றே படித்தவள். அவளுடைய அறைக்கு வெளியே காத்திருப்பவர்களுக்கு உள்ளே நடப்பது அத்தனையும் கேட்கும். கதவு சாத்தித்தான் இருக்கும், குரல்தான் சாத்தாது.

"யாரு இவங்க பல்லை உடைச்சது?"

"திடீர்னு இழுத்துக்கிச்சு டாக்டர். நாக்கைக் கடிச்சிடுவாளோன்னு ஸ்பூனை உள்ள விட்டேன்" என்பார் கணவர்.

"கடிச்ச நாக்கு ஒரு வாரத்துல ஆறிடும். உடைஞ்ச பல்லு முளைக்குமா? நீங்க முளைக்க வைப்பீங்களா? அடுத்த தடவை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, பக்கத்துல உட்காருங்க, வாயை மூடிக்கிட்டு இருங்க. அவங்க வாயை இல்ல, உங்க வாயை."

மயக்கம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் இன்னும் மோசம். "வலிப்புன்னு சொல்லுங்க. சொன்னா வாய் வெந்துடாது" என்பாள். வலிப்பு வந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய பள்ளிக்கூடம் எதுவென்று தெரிந்தால் போதும், எதிரில் நோயாளி இருப்பதையும் மறந்து அந்தத் தலைமை ஆசிரியருக்குப் போன் போட்டுவிடுவாள். அன்றைக்கு வெளியே காத்திருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவள் எந்தக் காலேஜில் என்ன பட்டம் வாங்கினாள் என்று அடுக்கலாம். பெயர்ப் பலகையில் இரண்டு வரிக்குப் பட்டங்கள் இருக்கின்றன. ஆனால் அவளுடைய படிப்பு தொடங்கியது பூட்டிய ஒரு கதவுக்கு வெளியே, ஒரு முக்காலியின் மேல்.

அப்பா தலைமை ஆசிரியர். மூன்று பிள்ளைகள்: மூத்தது அண்ணன், நடுவில் அக்கா, கடைசியில் இவள். அண்ணன் அப்பாவின் பள்ளிக்கூடத்திலேயே படித்தார். ஒருநாள் வகுப்பு மணி அடித்ததும் பெஞ்சிலிருந்து விழுந்து கை கால் வெட்டி இழுத்தது. அப்பா நம்பவில்லை. "மணி அடிச்சா மட்டும் விழறானாம். விளையாட்டு பீரியடுக்கு விழ மாட்டானாம்!" என்று காதைத் திருகினார். வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊர் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய கவலை. அடுத்த தடவை மணி அடித்தபோது பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரியின் காலடியிலேயே அண்ணன் விழுந்தார். அந்த வாரமே மகனைப் பள்ளியிலிருந்து நீக்கி, தலைமை ஆசிரியர் என்ற இடத்தில் அப்பாவே கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணனைப் பின்பக்க அறையில் விட்டுப் பூட்டிவிடுவார்கள். வாசலில் முக்காலி போட்டுக் கடுகை உட்காரவைப்பார்கள். "எங்கம்மா உங்க அண்ணன்?" என்று யாராவது கேட்டால் சொல்லவேண்டிய பதிலையும் அப்பாவே சொல்லிக்கொடுத்திருந்தார்.

"அண்ணன் தூங்குறான்."

காலை பதினொரு மணிக்கும் தூங்குவான், மாலை நான்கு மணிக்கும் தூங்குவான். கேட்டவர்களும் தலையாட்டிக்கொண்டு போவார்கள். அவர்கள் நகர்ந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வரும். "கடுகு, யாரு வந்திருக்கா? பிஸ்கெட் கொண்டாந்தாங்களா?" அவள் தன் பங்கைக் கதவின் அடியில் தள்ளுவாள். தடித்த பிஸ்கெட்டாக இருந்தால் நொறுக்கித்தான் தள்ள வேண்டும்.

அந்த வீட்டில் அலாரம் கடிகாரம் கிடையாது. வாசலில் அழைப்பு மணி கிடையாது. டெலிபோனைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்திருந்தார்கள். திடீர்ச் சத்தம் கேட்டால் அண்ணனுக்கு வலிப்பு வரும் என்பது அவ்வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பிறகு ஒரு டாக்டர் ஏதோ மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலிப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. மாத்திரைக்கு அடங்கியதால் அது வலிப்புதான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். வலிப்பு நின்றது, பூட்டு நிற்கவில்லை. அண்ணன் பள்ளிக்கும் போகவில்லை, வேலைக்கும் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து படித்துப் படித்து, பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறவர் ஆனார்.

கடுகு டாக்டருக்குப் படித்து, மேல்படிப்புக்கு வலிப்பு நோய்ப் பிரிவைக் கேட்டபோது நேர்காணலில் ஒரு பெரியவர் சிரித்தார். "ஏம்மா, ஆளே வராத கடையைத் திறக்கறியே?"

"ஆள் இருக்காங்க சார். வீட்டுக்குள்ள பூட்டி வெச்சிருக்காங்க" என்றாள் அவள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணனைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். பெண் கேட்டு வந்தவர்களிடம் அண்ணனும் கூடவே வருவார் என்று முதல் பேச்சிலேயே சொன்னாள். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். போகட்டும் சனியன் என்று அவளும் அதோடு அந்தப் பேச்சை விட்டாள்.

இவ்வளவு செய்தவள் ஒன்றை மட்டும் செய்யவில்லை. அண்ணனின் வைத்தியத்தை அவள் தொட்டதே இல்லை. சொந்த ரத்தத்துக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது, பாசம் கண்ணை மறைத்துவிடும் என்பது டாக்டர்களிடையே எழுதாத சட்டம். அதனால் அதே ஆஸ்பத்திரியில் வேலைபார்க்கும் இன்னொரு நரம்பு டாக்டரிடம் அண்ணனை ஒப்படைத்திருந்தாள். அவர் பேசினால் எதிரில் இருப்பவர் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். அவருக்கு அவள் வைத்த பெயர் மெல்லப்பேசி.

மெல்லப்பேசி போன மாதம் அண்ணனின் பழைய மாத்திரையை நிறுத்தினார். காரணம் நியாயமானதுதான். அத்தனை வருடம் சாப்பிட்டதில் ஈறு வீங்கியிருந்தது, எலும்பு தேய்ந்திருந்தது. புதிய மாத்திரை கொடுத்தார். கொஞ்ச நாளில் அடுத்த வீட்டுக் கார் அலாரம் அலறியபோது அண்ணன் கூடத்தில் விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டார். அடுத்து வந்த வாரத்திலும் விழுந்தார். வேறு வழியில்லாமல் கடுகின் வார்டிலேயே அவரைச் சேர்த்தார்கள். தலை முழுக்க ஒயர் ஒட்டி, காமிரா முன்னால் படுக்கவைத்து, அடுத்த வலிப்பு வரும்வரை மூளையின் அலைகளையும் ஆளையும் சேர்த்துப் படம்பிடிக்கிற அறை அது. கடுகு சட்டத்தை மீறாமல் அந்தப் பக்கமே போகவில்லை. போகாமல் இருந்த எரிச்சலுக்கு வார்டு முழுக்க அவளிடம் திட்டு வாங்கியது.

ஒரு மத்தியானம் மெல்லப்பேசி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"ரெக்கார்டிங்ல ஒரு தடவை விழுந்திருக்கார், மேடம். விழற நேரத்துல மூளையில வலிப்பு அலை எதுவும் இல்ல. நடுவுல கொஞ்சம் குழப்பம் இருக்கு, அது உடம்பு அசைஞ்சதால வர்றது. எனக்கென்னவோ இது மனசு சம்பந்தப்பட்டதுன்னு தோணுது."

"மனசுன்னா?"

"அதாவது... அவரை அறியாமலே, ஒரு மாதிரி..."

"நடிக்கிறார்ங்கறீங்களா?"

"நான் அந்த வார்த்தையைச் சொல்லல, மேடம்."

"சொல்லாம சொல்றீங்க! இதையேதான் எங்கப்பாவும் சொல்லி காதைத் திருகினார். நீங்க காதைத் திருகாம சொல்றீங்க, அவ்வளவுதான் வித்தியாசம்!"

நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் மோதியது. எழுதாத சட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு நேராகப் பதிவு அறைக்குப் போய்த் திரை முன் உட்கார்ந்தாள்.

படத்தில் அண்ணன் கட்டிலில் சாய்ந்து, மடியில் தாளை வைத்து, சிவப்புப் பேனாவால் பிழை திருத்திக்கொண்டிருந்தார். நர்ஸ் மேஜைமேல் போன் அலறியது. அண்ணன் தலை நிமிர்ந்தது. பேனா விழுந்தது. கண் மேலே சொருகி, கை கால் வெட்டியது. நர்ஸ் ஓடிவந்து, கடுகு கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தபடியே போர்வையை விலக்கிவிட்டு, காமிராவை மறைக்காமல் ஒதுங்கி நின்றாள். மெல்லப்பேசி சொன்னது பொய்யில்லை. விழுகிற நேரத்தில் மூளையின் கோடுகளில் வலிப்புக்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கை கால் வெட்டுவதற்குச் சற்று முன்னால் அத்தனை கோடும் சோர்ந்து, தட்டையாகிப் படுத்தன. உடம்பு அசைந்தால் கோடு கிறுக்கும். இப்படிப் படுக்காது.

மூளைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மனிதன் விழுந்தால் தலையிலிருந்துதான் விழுந்தான் என்று நினைப்பார்கள். மூளைக்கென்று ஒட்டுகிற ஒயர்களோடு நெஞ்சில் ஒரேயொரு ஒயரும் ஒட்டுவது வழக்கம். திரையின் அடியில் கடைசிக் கோடாக இதயத்தின் துடிப்பு ஓடும். அதை யாரும் பார்ப்பதில்லை. இடத்தை அடைக்கிறது என்று மறைத்துவிடுவார்கள். இந்த வார்டில் அதை மறைத்துத் திரையை அமைத்துக்கொடுத்தது வேறு யாருமில்லை, கடுகேதான்.

அவள் அந்தக் கோட்டைத் திறந்தாள். படத்தை முதலிலிருந்து ஓட்டினாள்.

போன் அடித்தது. அண்ணன் தலை நிமிர்ந்த அதே நொடியில் கடைசிக் கோடு தாளம் தப்பி வெறிபிடித்து ஆடியது. அந்த ஆட்டத்தில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளாது. அதற்குப் பிறகுதான் மூளை தட்டையானது, அதற்குப் பிறகுதான் கை கால் வெட்டியது. பின்பு தானாகவே தாளம் திரும்பியது, அண்ணன் பிழைத்தார். மூளை ஒரு தப்பும் செய்யவில்லை. ரத்தம் வராமல் மயங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தாளம் திரும்பாத ஒரு நாள் வந்தால் அண்ணன் எழுந்திருக்க மாட்டார்.

பள்ளிக்கூட மணி, துண்டில் சுற்றிய டெலிபோன், கார் அலாரம் எல்லாம் அவள் கண் முன்னே வந்தன. திடீர்ச் சத்தத்துக்குத் தாளம் தப்புகிற இதயம் சிலருக்குப் பிறவியிலேயே உண்டு என்று அவளும்தான் படித்திருந்தாள், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாள். அந்தப் பழைய மாத்திரை மூளையை மட்டும் அடக்குகிற மாத்திரை இல்லை. இதயத்தின் தாளத்தையும் ஓரளவு பிடித்து நிறுத்தும். ஏதோ ஒரு டாக்டர் தலைக்கென்று கொடுத்தது குருட்டாம்போக்கில் நெஞ்சைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த மாத்திரைக்கு வலிப்பு அடங்கியதால்தான் இத்தனை வருடம் ஒருவரும் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கவில்லை. கடுகுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மெல்லப்பேசியைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து திரையைக் காட்டினாள். அவர் பார்த்தார். முகம் வெளுத்தது.

"யாருக்குமே தோணலையா? ஒரு கோடு! ஒரேயொரு கோடு! அதைப் பார்க்க உங்களுக்கு நேரமில்லையா?"

"அந்தக் கோட்டை மறைச்சு செட் பண்ணினது நீங்கதானே, மேடம்" என்றார் மெல்லப்பேசி. அன்றைக்கு அவர் குரல் தெளிவாகவே கேட்டது.

"ஆமா. நான்தான். அதனாலதான் கத்தறேன்."

அன்று சாயந்திரமே அண்ணனை இதய டாக்டர்களிடம் மாற்றினார்கள். தாளம் தப்பினால் அதட்டி ஒழுங்குக்குக் கொண்டுவருகிற சின்னப் பெட்டி ஒன்றை நெஞ்சுக்குள் வைத்தார்கள். கட்டிலோரம் உட்கார்ந்து கடுகு எல்லாவற்றையும் சொன்னாள். திரையை அமைத்தது தான்தான் என்பதையும் சொன்னாள். அண்ணன் நெஞ்சில் போட்டிருந்த கட்டைத் தடவிப் பார்த்தார்.

"அப்போ இத்தனை வருஷம் தலைக்குன்னு சாப்பிட்டது நெஞ்சுக்குப் போயிருக்கு. விலாசம் தப்பு, ஆனா தபால் சரியாப் போய்ச் சேர்ந்திருக்கு."

"சிரிக்காத அண்ணா. எனக்கு யாரையாவது அடிக்கணும் போல இருக்கு."

"உனக்கு என்னைக்குத்தான் அப்படி இல்லாம இருந்திருக்கு?"

இது ரத்தத்தில் வருகிற குறை. கூடப்பிறந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இருக்கலாம். கடுகு தன் நெஞ்சைப் பரிசோதித்துக்கொண்டாள், குறை இல்லை. அக்காவுக்குப் போன் செய்து, அவளும் அவள் மகனும் உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்று சொன்னாள். "நானே அவன்கிட்ட பக்குவமா சொல்றேன்டி, நீ சொன்னா பயந்துடுவான்" என்றாள் அக்கா. கடுகும் நம்பினாள்.

அண்ணன் வீடு திரும்பிய வாரத்தில் அக்கா பழங்களோடு வந்தாள். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். மகனுக்குப் பார்த்திருக்கிற பெண்ணின் அப்பா அம்மா அன்று மாலை இங்கேயே வருகிறார்கள், டாக்டர் சித்தியைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றாள்.

"எப்படியோ, வலிப்பு இல்லைன்னு ஆயிடுச்சே, அப்பாடா! நம்ம குடும்பத்து மேல இருந்த கறை போச்சு. இனிமே தலை நிமிர்ந்து சொல்லலாம்."

"கறையா?" கடுகு கையிலிருந்த பழத் தட்டை மேஜையில் வைத்த வேகத்தில் ஆப்பிள் உருண்டது. "தினமும் என்கிட்ட வர்றாங்களே, அவங்களெல்லாம் கறையா? மாத்திரை போட்டுக்கிட்டு வேலைக்குப் போறாங்க, பிள்ளை பெத்து வளர்க்கறாங்க. அண்ணனுக்கு நிஜமாவே வலிப்பா இருந்திருந்தா பூட்டி வெச்சது சரின்னு ஆயிடுமா?"

"ஐயோ, ஒண்ணு சொன்னா ஒன்பது சொல்லுவா. விடுடி."

"சரி, பையனோட ஈ.சி.ஜி. என்ன ஆச்சு?"

அக்கா ஆப்பிளைப் பொறுக்கித் தட்டில் வைத்தாள். வைத்ததையே மறுபடி எடுத்துத் துடைத்தாள்.

"கல்யாணம் முடியட்டும்னு பார்த்தேன்."

"அவன்கிட்ட சொன்னியா, இல்லையா?"

"மெதுவாப் பேசு. இப்போ போய் நெஞ்சுல கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பா? அவனுக்கு ஒண்ணும் இல்ல. போன வருஷம் ஆபீஸ்ல ஃபயர் அலாரம் அடிச்சப்போ ஒரு தடவை விழுந்தான், அதுகூட பசி மயக்கம்தான்..."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அக்காவுக்கே புரிந்தது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று பார்க்கிற இந்தக் குடும்பத்தை என்ன செய்வது? வியாதியின் பெயர்தான் மாறியிருக்கிறது, மூடி மறைக்கிற புத்தி அப்படியே இருக்கிறது. அப்பாவோடு அது போகவில்லை. அலாரம் கேட்டு விழுந்த பிள்ளையைப் பசி என்று சொல்லி மூடி வைத்திருக்கிறாள் பெற்ற தாய்.

கடுகு வாயைத் திறப்பதற்குள் வாசலில் கார் நின்றது. அக்கா பழக்கப்பட்டவள் போலச் சட்டென்று எழுந்தாள். "அண்ணா, ஆபரேஷன் ஆன உடம்பு, கொஞ்சம் உள்ள படுங்களேன்" என்று அண்ணனின் தோளைப் பிடித்து அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். அண்ணனும் பழக்கப்பட்டவர் போலவே போனார்.

பெண்ணின் அப்பா அம்மா நல்ல மாதிரியாகத்தான் இருந்தார்கள். உட்கார்ந்து, காபி வாங்கிக்கொண்டு, வீட்டைப் பாராட்டினார்கள். பிறகு அந்த அம்மா அக்கறையோடு கேட்டார்.

"உங்க அண்ணன் ஆஸ்பத்திரியில இருந்தாராமே, இப்போ எப்படி இருக்கார்? பார்க்கலாமா?"

"அண்ணன் தூங்குறார்" என்றாள் அக்கா.

மாலை நான்கு மணி. கடுகு எழுந்துவிட்டாள். அதற்குள் அறைக் கதவு படீரென்று திறந்து சுவரில் மோதியது. அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தில் கடுகு இதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. வாழ்நாள் முழுக்க எல்லோருக்கும் சேர்த்து அவள் கோபப்பட்டிருக்கிறாள். அண்ணன் கோபப்பட்டு அவள் பார்த்ததே இல்லை.

"நான் தூங்கல. இந்தக் குடும்பத்துல யாரு வந்தாலும் நான் தூங்கறேன். ஒரு தடவைகூட நான் தூங்கினது கிடையாது! கதவுக்குப் பின்னால உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அண்ணா, உள்ள போங்க" என்றாள் அக்கா.

"நீ பேசாத! எனக்கு வந்தது வெளிய தெரியக் கூடாதுன்னு பூட்டினீங்க. பூட்டினதால எந்த டாக்டரும் ஒழுங்காப் பார்க்கல. மாத்திரையில ஏதோ பிழைச்சுக் கிடந்தேன். உன் பையனுக்கு அந்த மாத்திரைகூடக் கிடையாது." விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கவில்லை. "எனக்கு நெஞ்சுல பிறவிக் குறை. திடீர்னு சத்தம் கேட்டா இதயம் தாளம் தப்பும். இவ பையனுக்கும் இருக்கலாம், ஒரு தடவை விழுந்திருக்கான். கண்டுபிடிச்சா மருந்து இருக்கு. மறைச்சா பாடைதான். உங்க பொண்ணுக்கும் இது தெரியணும்."

பெண்ணின் அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார். வாசல்வரை போன அந்த அம்மா மட்டும் திரும்பி, "டெஸ்ட் எடுத்துட்டு எங்களுக்கும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் கிளம்பியதும் அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. எல்லாம் போச்சு."

"போனா போகட்டும். பையன் இருப்பான்ல" என்றார் அண்ணன்.

கடுகு போனை எடுத்து அக்கா மகனின் எண்ணைத் தேடினாள். அழுத்தப்போன விரல் அப்படியே நின்றது. அவன் மேஜையில் தலை குனிந்து ஏதோ வேலையாக இருப்பான். இங்கே அழுத்தினால் அங்கே மணி அடிக்கும். போனை மேஜைமேல் வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தாள்.

"அவன் ஆபீஸ் எங்க இருக்கு? சொல்லு" என்று அக்காவை அதட்டினாள். அக்கா அழுதுகொண்டே சொன்னாள்.

அண்ணன் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வரேன்" என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அறையின் கதவைச் சாத்த யாருக்கும் தோன்றவில்லை.